மியூனிக்கில் ஓடியது, திருவல்லிக்கேணியில் ஓடுமா? சியோனா ஆர்டி, நாலு மாத அனுபவம்

சியோனா ஆர்டி, ரேடியோ சிக்னல் ஊருக்குள் எங்கெங்கே எட்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டும் இலவச மென்பொருள். என்விடியாக்காரர்கள் எழுதி, அப்பாச்சி 2.0 உரிமத்தில் வெளியே விட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் எனக்கு அது சும்மா கிடைக்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஜோடி செருப்பு, பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருள் கற்றுக்கொள்ளப் போன பதினைந்து ராத்திரி என்று செலவு வைத்தது. அந்தச் செலவுக்கு வரவு இருந்ததா என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

என் தொழில் தண்ணீர் மட்டம் பார்ப்பது. கட்டடங்களின் சம்ப்பில் ஒரு சென்சார் மாட்டுவோம். அது கால்மணிக்கு ஒரு தரம் லோரா என்ற, கொஞ்சம் மின்சாரத்தில் வெகுதூரம் எட்டும் ரேடியோவில் அளவை அனுப்பும். ஏதோ ஒரு மொட்டை மாடியில் இருக்கும் கேட்வே அதை வாங்கி, மேனேஜரின் போனுக்குத் தள்ளிவிடும். தண்ணி லாரிக்கு எப்போது சொல்ல வேண்டும் என்று அவர் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டாம். மூன்று பேர் நடத்தும் சின்ன கம்பெனி. போன வருடக் கடைசியில் திருவல்லிக்கேணியில் பதினொரு மேன்ஷனுக்குச் சேர்த்து ஒரே ஆர்டர் வந்தது.

மேல்தொட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம், வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. சம்ப் அப்படியில்லை. தரைக்குக் கீழே பள்ளம், மேலே இரும்பு மூடி, மூடி மேல் பைக், நாலு பக்கமும் கட்டடம். கேட்வே வைக்க இரண்டு இடம் அமைந்தது. ஒன்று பெரிய தெருவில் ஐந்து மாடி மேன்ஷன். உரிமையாளர் மாத வாடகை கேட்டார். இன்னொன்று பாரதி சாலையிலிருந்து உள்ளே தள்ளி மூன்று மாடி. அதன் உரிமையாளர் பாய், "வாடகையெல்லாம் எதுக்கும்மா, கரண்டும் நம்மளுதே எடுத்துக்கோ" என்றுவிட்டார். இரண்டிலும் வைத்தால் வேலை நிச்சயம் நடக்கும், ஆனால் லாபம் போய்விடும். ஒன்று போதுமா, போதுமென்றால் எது? இதைக் கண்டுபிடிக்கத்தான் சிமுலேஷன் பக்கம் போனேன்.

செல்போன் கம்பெனியில் பிளானிங் பார்த்த யாரைக் கேட்டாலும் முதலில் ஒகுமுரா–ஹாட்டா என்பார்கள், தூரம் போகப் போகச் சிக்னல் எவ்வளவு குறையும் என்று சொல்லும் சூத்திரம். 1968-இல் ஒகுமுரா டோக்கியோவைச் சுற்றி அளந்து போட்ட வளைகோடுகளை, 1980-இல் ஹாட்டா சூத்திரமாக்கினார். கால்குலேட்டரே போதும். 865 மெகாஹெர்ட்ஸில், 30 மீட்டர் உயரத்து ஆன்டெனாவிலிருந்து 1 கிலோமீட்டர் தள்ளித் தெருவில் நிற்பவருக்கு நகர்ப்புறக் கணக்கில் சுமார் 126 டிபி (டெசிபல்) சிக்னல் இழப்பு வரும். நடுவில் ஒன்றுமே இல்லாத வெட்டவெளியாக இருந்தால் 91தான். அந்த 35 டிபிதான் ஊர். ஆனால் சூத்திரம் 1 முதல் 20 கிலோமீட்டருக்கும், 30 மீட்டருக்கு மேற்பட்ட கோபுரத்துக்கும் எழுதியது. என் மொட்டை மாடி 17 மீட்டர், கடைசி சம்ப் 340 மீட்டர் தூரம். ரவிக்கைக்குப் பந்தல் அளவு எடுத்த கதை. அதைவிட முக்கியம், இந்தச் சந்து, அந்தச் சந்து என்ற வித்தியாசம் சூத்திரத்துக்குத் தெரியாது. இரண்டு மாடிகளையும் பார்த்து உயரத்தை மட்டும்தான் கேட்கும்.

அடுத்ததாக ஒரு ஆன்லைன் சேவைக்கு டாலரில் ஒரு மாதச் சந்தா கட்டினேன். பெயர் வேண்டாம். ஆன்டெனாவை வரைபடத்தில் வைத்து பொத்தானை அழுத்தினால் அழகாக வண்ணம் பூசிக் காட்டியது. திருவல்லிக்கேணி முழுக்கப் பச்சை, மெரினா தாண்டிக் கடலிலும் பச்சை. மீனுக்கெல்லாம் பிரமாதமான சிக்னல். என் சந்தாவில் நிலத்தின் மேடுபள்ளம் மட்டும்தான் கணக்கில் சேரும், கட்டடம் சேராது என்பது பணம் போன பிறகுதான் புரிந்தது. கட்டடத்துக்குக் கூடுதல் கட்டணம்; சரி என்று கேட்டால், சென்னைக்குத் தரவு இல்லை என்று பதில் வந்தது. மேடுபள்ளம் மட்டும் போதும் என்றால் ஸ்பிளாட் என்ற பழைய மென்பொருளே இலவசமாகச் செய்யும். மேடுபள்ளத்தால் சிக்னல் எவ்வளவு குறையும் என்று சொல்லும் லாங்லி–ரைஸ் கணக்கையும், 2000-ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து ரேடார் எடுத்த நில உயரத்தையும் வைத்து வேலை செய்கிறது. ஏற்காட்டில் ரிப்பீட்டர் வைப்பவருக்கு அது தங்கம். ஐஸ் ஹவுஸ் பக்கம் வைப்பவருக்கு ஒன்றுமில்லை, இங்கே மேடு என்பதே கட்டடம்தான்.

இப்படித்தான் சியோனாவுக்கு வந்து சேர்ந்தேன். (அயர்லாந்தில் ஷானன் ஆற்றின் தேவதை பெயராம். தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானனுக்குச் சுற்றி வளைத்து ஒரு கும்பிடு என்று வைத்துக்கொள்ளலாம்.) இதில் ஆர்டி என்பது ரே டிரேசிங் பகுதி. ஆன்டெனாவிலிருந்து லட்சக்கணக்கில் கதிர்களை எல்லாத் திசையிலும் விட்டு, ஒவ்வொன்றும் எந்தச் சுவரில் பட்டுத் திரும்புகிறது, எதைத் துளைக்கிறது, எந்த விளிம்பில் வளைகிறது என்று பின்தொடர்கிறது. அடியில் இருப்பது மிட்சுபா 3, கிராபிக்ஸ்காரர்கள் வெளிச்சத்தைக் கணக்குப் போட வைத்திருக்கும் அதே இயந்திரம். வெளிச்சத்துக்குப் பதில் இங்கே அலைநீளம் 35 சென்டிமீட்டர், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நானும் முதலில் நினைத்தேன்.

நிறுவுவது சுலபம். பைத்தான் தெரிந்தால் ஒரு வரி. என்விடியா கார்டு இருந்தால் அதில் ஓடும். இல்லாவிட்டால் எல்எல்விஎம் என்ற துணை மென்பொருளைப் போட்டுக்கொண்டு சாதாரண பிராசஸரிலும் ஓடும். என் லேப்டாப்பில் பழைய 6 ஜிபி கார்டு. மாதிரிக்கு என்று சில ஊர்களை உடன் கொடுத்திருக்கிறார்கள். நான் திறந்தது மியூனிக், பிரௌவன்கிர்ஷே தேவாலயத்தைச் சுற்றிய பகுதி. இரட்டைக் கோபுரம் நிற்கிறது, கூரைகள் சரிவாக இருக்கின்றன, தெருக்கள் சீராக ஓடுகின்றன. ஒரு கூரையில் ஆன்டெனாவை வைத்து ரேடியோ மேப் போடச் சொன்னால் சில நொடியில் தெருத்தெருவாக வண்ணம் வந்து உட்கார்ந்தது. கோபுரத்துக்குப் பின்னால் நிழல், எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பிய கீற்று, எல்லாம் தெளிவு. அன்று ராத்திரி பதினொன்றரைக்குப் பார்ட்னருக்குப் படம் அனுப்பி, "நம்ம ஏரியா ஒரு வாரத்துல ரெடி" என்று எழுதினேன். அந்தச் செய்தியை அவர் இன்னும் வைத்திருக்கிறார், வேண்டும்போது காட்டுகிறார்.

நம் ஊரைக் கொண்டுவரும் வழி இது: ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்திலிருந்து கட்டடங்களை பிளாஸம் என்ற இணைப்பு வழியாக பிளெண்டருக்குள் இழுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பொருள் குறிக்க வேண்டும், கான்கிரீட்டா செங்கல்லா என்று, பிறகு மிட்சுபா கோப்பாக வெளியே எடுக்க வேண்டும். செய்தேன். ஆயிரத்துக்கு மேல் கட்டடம் வந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருந்தது. எல்லாம் நாலு, ஐந்து, ஆறு மாடி. பார்த்தசாரதி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் எனக்குத் தெரிந்த ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது, திண்ணையோடு. அது ஐந்து மாடியாக எழுந்து நின்றது.

உயரம் குறிக்காத கட்டடத்துக்கு அந்த இணைப்பு தானாக மாடி போட்டுக்கொள்ளும். மாற்றிக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறார்கள், நான்தான் பார்க்கவில்லை. இங்கே பெரும்பாலான கட்டடங்களுக்கு வரைபடத்தில் வெளிக்கோடு மட்டும்தான் இருக்கிறது, உயரம் இல்லை. அந்தப் பொய் மாடிகளோடு ஓட்டிய முதல் கணக்கில் பாய் வீட்டு மூன்று மாடி ஒரு கிணற்றுக்குள் உட்கார்ந்திருந்தது, சுற்றிலும் ஐந்து மாடிச் சுவர். முடிவு மூன்று மாடி உதவாது என்று வந்தது. அதை நம்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

கூகுளின் ஓப்பன் பில்டிங்ஸில் உயரத்தோடு கூடிய தரவு ஒன்று இருக்கிறது, செயற்கைக்கோள் படங்களிலிருந்து 2016 முதல் 2023 வரை வருடம் வாரியாகக் கணித்தது. தெற்காசியாவும் அதில் உண்டு. எடுத்து நிரப்பினேன். ஆனால் அதன் நுட்பம் நாலு மீட்டர் அளவுக்குத்தான். இடைவெளி விட்டுக் கட்டிய அண்ணாநகர் பக்கம் அது போதும். இங்கே ஒரு வீட்டுச் சுவரே பக்கத்து வீட்டுக்கும் சுவர். ஓட்டு வீடும் அதை ஒட்டிய லாட்ஜும் ஒன்றோடு ஒன்று கரைந்து இரண்டும் மூன்று மாடியாகிவிட்டன.

கடைசியில் காலால்தான் செய்தோம். நானும் எங்களிடம் வேலை பார்க்கும் பையனும் இரண்டு ஞாயிறு, காலை ஆறரைக்குத் தொடங்கி, அச்சடித்த வரைபடத்தில் மாடி எண்ணிக் குறித்துக்கொண்டே நடந்தோம். ஞாயிறு காலையில்தான் இந்தத் தெருக்களில் நிமிர்ந்து பார்த்தபடி நடந்தாலும் யாரும் இடிக்க மாட்டார்கள். ஒரு மேன்ஷன் வாசலில் வாட்ச்மேன் தாத்தா கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏம்மா, கார்ப்பரேஷனா? வரி ஏத்தப் போறீங்களா?"

"இல்ல தாத்தா, சிக்னல் பாக்க வந்திருக்கோம்."

"டவர் வைக்கப் போறியா? வைக்காதம்மா. போன வருஷம் இதே மாதிரி எண்ணிட்டுப் போனவன் டவர் வச்சுட்டான்."

அவருக்கு லோரா என்றால் என்ன என்று விளக்கி முடிப்பதற்குள் பையன் அந்தத் தெருவை முடித்துவிட்டான். விளக்கியதில் பலன் இருந்தது. மாடிக்குப் போக விட்டார். மேலே போனால்தான் தெரிந்தது, மாடி எண்ணிக்கை பாதிக் கதைதான் என்று. படிக்கட்டுக் கூண்டு இரண்டரை மீட்டர். கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டர். வரிசையாகக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள். தகர ஷெட். ஹோர்டிங் இரும்புச் சட்டம். துணி காயப்போடும் கம்பி. கதிர் எந்த விளிம்பில் வளைந்து தெருவுக்குள் இறங்க வேண்டுமோ, அந்த விளிம்பிலேயே இத்தனையும் இருக்கின்றன. என் தூரத்தில், இரண்டு முனைகளுக்கும் நடுவில் ரேடியோ அலைக்குத் தேவைப்படும் வெற்றிடமே ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் ஆரம். அதில் ஒரு படிக்கட்டுக் கூண்டு வந்து நின்றால் அது சின்ன விஷயம் இல்லை. கேட்வே வைக்கப்போகும் இரண்டு மாடியையும், சம்ப்புகள் இருக்கும் பதினொன்றையும், இடையில் வழி மறிக்கும் இருபது முப்பதையும் மட்டும் கூண்டு, ஷெட்டோடு வரைந்தேன். மீதி எல்லாம் வெறும் பெட்டிதான்.

பொருள் விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் பொருள் ரேடியோ அலையை எப்படி நடத்தும் என்று சொல்லும் அட்டவணை ஒன்று சியோனாவோடு வருகிறது, ஐடியு-ஆர் என்ற சர்வதேச ரேடியோ அமைப்பின் பி.2040 பரிந்துரையிலிருந்து எடுத்தது. கான்கிரீட், செங்கல், கண்ணாடி, உலோகம், மரம் எல்லாம் பெயர் சொன்னால் போதும். இயல்பாக அதிர்வெண் 3.5 கிகாஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்ளும், அதுவரை சுகம். நான் 865 மெகாஹெர்ட்ஸ் என்று மாற்றினேன், நம் நாட்டில் லோராவுக்கு உரிமம் இல்லாமல் கிடைக்கும் பட்டை அதுதான். பிழைச் செய்தி வந்து நின்றது. ஒரு மணி நேரம் கோப்பில் குற்றம் தேடினேன். குற்றம் கோப்பில் இல்லை. அந்த அட்டவணையில் கான்கிரீட்டும் செங்கல்லும் 1 கிகாஹெர்ட்ஸில்தான் தொடங்குகின்றன. கொஞ்சம் கீழே இருந்தாலும் கணக்குப் போட மறுக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது என்றே சொல்வேன். பச்சையாகப் பூசிவிட்டுச் சும்மா இருப்பதைவிட, தெரியாது என்று நிற்பது மேல். எல்லை தாண்டிப் போவது என் பொறுப்பு என்று கான்கிரீட்டுக்கு மின்காப்பு எண் 5.24, கடத்துதிறன் மீட்டருக்கு 0.041 சீமென்ஸ் என்று நானே பொருள் உண்டாக்கிப் போட்டேன். செங்கல்லுக்கும் அப்படியே.

அதே இடத்தில் இன்னொரு எண் இருக்கிறது, தடிமன். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 10 சென்டிமீட்டர் சுவர் என்று வைத்துக்கொள்ளும். நம் ஊர் வெளிச்சுவர் ஒன்பது இஞ்ச், அதாவது 23 சென்டிமீட்டர். பெரிய தெருவில் சில பழைய வீடுகளில் ஒன்றேகால் அடிக்கு மேல் இருக்கிறது, சுண்ணாம்புக் காரை போட்டுக் கட்டியது. இதையும் மாற்றினேன். மாற்றியும் கட்டடத்தைத் துளைத்து வரும் சிக்னல் நிஜத்தைவிட அதிகமாகவே வந்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் வெளிப்படை. வரைபடத்திலிருந்து வரும் கட்டடம் ஒரு காலி அட்டைப்பெட்டி. கதிர் முன் சுவரைத் துளைத்து பின் சுவரைத் துளைத்து வெளியே வந்துவிடும். நிஜ மேன்ஷனில் உள்ளே பத்துக்கு எட்டு ரூம்கள் தேன்கூடு மாதிரி, ஒவ்வொன்றிலும் சுவர், இரும்புக் கட்டில், பீரோ, ஒரு ஆள். அத்தனையும் யார் வரைவது? துளைத்துப் போவதையே நிறுத்திவிட்டு, சுற்றி வரும் கதிரை மட்டும் எண்ணச் சொன்னேன். அளந்ததோடு அதுதான் ஒத்துப்போனது.

ஒரு தடுமாற்றம் முழுக்க என்னுடையது. துளைப்பதை நிறுத்திய அன்று பாதித் தெருக்கள் கும்மிருட்டாகிவிட்டன. மொட்டை மாடியிலிருந்து சந்துக்குள் சிக்னல் இறங்குவது பெரும்பாலும் கூரை விளிம்பில் வளைந்துதான். அந்த வளைவை, டிஃப்ராக்‌ஷனை, தனியாக இயக்க வேண்டும், நான் இயக்கவே இல்லை. 2025-இல் 1.0 வந்தபோது அது இல்லாமலே வந்தது, பிறகு வந்த பதிப்பில் சேர்த்தார்கள். பழைய பதிப்புக்கு எழுதிய செய்முறைகளைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்ததால் அந்தப் பொத்தான் இருப்பதே எனக்குத் தெரியவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் 1.0-க்கு முந்தைய குறிப்புகளைத் தொடவே வேண்டாம், பாதி கட்டளைப் பெயர்கள் மாறிவிட்டன. வளைவும் ஒரு பாதைக்கு ஒன்றுதான் கணக்கில் வரும். இரண்டு கூரை தாண்டிக் கொல்லைப்புறச் சம்ப்புக்கு இறங்கும் சிக்னலை அது காட்டாது. அப்படி இரண்டு சம்ப் எனக்கு இருந்தன. வரைபடத்தில் கறுப்பு, நேரில் போனால் மெலிசாக எட்டியது.

சரி, ஒத்துப்போனதா? கேட்வேயைப் படிக்கட்டுக் கூண்டில் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, ஒரு நாள் ஐந்து மாடி, மறுநாள் மூன்று மாடி என்று பதினொரு சம்ப்பிலும் அளந்தோம். மூடிக்கு எவ்வளவு போகிறது என்று தெரிய மூன்று சம்ப்பில் மட்டும் மூடியைத் திறந்து ஒரு அளவு, மூடிவிட்டு ஒரு அளவு எடுத்தேன். 16, 19, 21 டிபி. இந்த இரும்பு மூடியை எந்த வரைபடமும் தரப்போவதில்லை. எல்லாவற்றுக்கும் 19 கழித்துக்கொண்டேன். பொய் மாடிகளோடு ஓட்டிய முதல் கணக்கு சில இடங்களில் நிஜத்திலிருந்து 23 டிபி வரை விலகியிருந்தது. மாடி எண்ணி, கூண்டு வரைந்து, தடிமன் மாற்றிய பிறகு ஒன்பது சம்ப்பில் 8 டிபிக்குள் வந்துவிட்டது. மீதி இரண்டும் அந்தக் கொல்லைப்புறத்து ஆட்கள்.

8 டிபி என்பது கொஞ்சமா என்று கேட்கலாம். சக்தியில் ஆறு மடங்கு வித்தியாசம். அதனால் இந்தச் சம்ப்பில் சிக்னல் மைனஸ் 118 டிபிஎம் வரும் என்று எழுதிக்கொடுத்துப் பந்தயம் கட்ட மாட்டேன். ஆனால் எனக்கு எண் வேண்டாம், எது மேல் என்று தெரிந்தால் போதும். அங்கேதான் இது காசு பெறும். ஐந்து மாடியில் தெருப்பக்க மூலையில் வைப்பதாகத்தான் எல்லோரும் சொன்னோம், திறந்த பக்கம் அதுதானே. ஆன்டெனாவை நாலு மூலையிலும் கூண்டு உச்சியிலும் மாற்றி மாற்றி வைத்து ஓட்டினேன், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள். பின்மூலைதான் மேல் என்று வந்தது. தெருப்பக்க மூலையில் வைத்தால் சொந்தப் படிக்கட்டுக் கூண்டே பின்னால் இருக்கும் ஐந்து சம்ப்புக்கு மறைப்பு. பின்மூலையில் வைத்தால் முன்பக்கச் சம்ப்புகள் கொஞ்சம் இழக்கும், ஆனால் அவற்றுக்கு இழக்க இடம் இருக்கிறது. எஸ்எஃப் 12-இல், அதாவது லோராவில் மிக மெதுவாக, மிகத் தூரம் எட்டும்படி அனுப்பும் முறையில், மைனஸ் 137 டிபிஎம் வரை மெலிந்த சிக்னலும் கேட்கும் சிப்பு. கயிற்றை அவிழ்த்துப் பின்மூலையில் கட்டி அளந்தோம். ஐந்தில் நாலு சம்ப்பில் 7 முதல் 12 டிபி ஏறியது. இந்த யோசனை எங்கள் மூன்று பேருக்கும் வந்திருக்காது.

பத்து சம்ப் ஐந்து மாடியில் வைத்த ஒரே கேட்வேயில் முடிந்தது. பதினொன்றாவதுக்கு சென்சாரின் ஆன்டெனாவை மட்டும் இரண்டு மீட்டர் கேபிள் போட்டு கேட் தூண் மேல் ஏற்றினோம். இரண்டாவது கேட்வே வேண்டியிருக்கவில்லை. பாய்க்குக் கொஞ்சம் வருத்தம்தான். "நம்ம மாடி ராசியில்லாத மாடியாம்மா?" என்றார். அவர் சம்ப்புக்கு முதல் சென்சார் மாட்டி சமாதானம் செய்தோம்.

சென்சார்கள் அனுப்பும் செய்திப் பாக்கெட்டுகள் காற்றில் ஒன்றோடு ஒன்று மோதுமா என்ற கேள்விக்கு என்எஸ்-3 என்ற நெட்வொர்க் சிமுலேஷன் மென்பொருள் பக்கம் போகலாம், லோராவுக்கு அதில் தனித் தொகுப்பே உண்டு. நான் எட்டிப் பார்த்ததோடு சரி. எஸ்எஃப் 12-இல் ஒரு சின்னச் செய்தி காற்றில் ஒன்றரை நொடி எடுக்கும். பதினொரு சென்சார், கால்மணிக்கு ஒன்று. மோதுவதற்கு இங்கே கூட்டமே இல்லை. நூற்றுக்கணக்கில் மீட்டர் மாட்டுகிறவர்களுக்கு அது அவசியம். ஆனால் என்எஸ்-3-இன் கட்டடங்கள் அச்சுக்கு நேராக நிற்கும் பெட்டிகள் மட்டும். திருவல்லிக்கேணியில் எந்தத் தெரு நேராகப் போகிறது?

யாருக்கு இது: பைத்தான் பயமில்லாதவர்கள், நேரில் போய் அளக்கத் தயாராக இருப்பவர்கள், ஒரே ஏரியாவில் பல இடங்களை ஒப்பிட வேண்டியவர்கள். யாருக்கு வேண்டாம்: நாளைக்கே வரைபடம் வேண்டும், வாடிக்கையாளருக்கு வண்ணத்தில் அச்சடித்துக் காட்ட வேண்டும் என்பவர்கள். அவர்களுக்கு அந்தப் பெயர் சொல்லாத சேவையின் பச்சையே போதும். ஒரே வீட்டுக்கு வைஃபை பார்ப்பவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நாலு ரூம் நடந்தால் முடிந்தது. அளந்த எண்ணைக் கொடுத்தால் சுவரின் குணத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வசதிதான் இதன் பெரிய பெருமை. எனக்கு இருந்த பதினொரு புள்ளிக்கு அதைத் தொடத் துணியவில்லை. மதிப்பெண் கேட்டால் பத்துக்கு எட்டு. குறைந்த இரண்டில் ஒன்றரை என் கணக்கில்தான் போகும்.

இதை எழுதி வைத்துவிட்டு அனுப்பாமல் இருந்தபோது நடந்ததையும் சேர்த்துவிடுகிறேன். போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று சம்ப்பின் சிக்னல் விழுந்தது, ஒவ்வொன்றும் 9, 10 டிபி. மேனேஜரைக் கேட்டால் பக்கத்து மாடியில் மெஸ்காரர் சமையலுக்கு ஒரு தகர ஷெட் போட்டிருக்கிறார் என்றார். போட்டோ அனுப்பச் சொல்லி, அளவு கேட்டு, பிளெண்டரில் அதே இடத்தில் ஆறு மீட்டருக்கு மூன்று மீட்டர் உலோகத் தகடு ஒன்றை நிறுத்தி ஓட்டினேன். இரண்டு சம்ப்புக்கு 11 டிபி குறைந்தது. மூன்றாவதுக்கு ஒன்றுமே ஆகவில்லை, அதன் கதிர் அந்தப் பக்கமே போகவில்லை. ஷெட்டைக் காரணம் சொல்லி மூன்றையும் ஒரே கூடையில் போட்டிருப்பேன். அந்த ஒன்றுக்கு மட்டும் பையனை அனுப்பினேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போன் செய்தான்: "அக்கா, ஆன்டெனா கனெக்டர்ல பச்சை பூத்திருக்கு, உள்ள தண்ணி." கனெக்டரை மாற்றி, மேலே ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டு, லைட்டரால் சுருக்கிவிட்டு வந்தான். மற்ற இரண்டுக்கும் கேட்வே ஆன்டெனாவை முக்கால் மீட்டர் உயர்த்தினால் போதும் என்று காட்டுகிறது. மெஸ்காரர் சமையல் முடிந்து அடுப்பு ஆறும் நேரமாகப் பார்த்து, வர்ற ஞாயிறு மாடி ஏறுகிறோம்.